சாட்சி இரண்டுக்கு நேரே ஒரு காலிக் கோடு

கேள்வி: மேடம், என் அப்பா ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பெரம்பூரில் இருப்பது அவர் சொந்தச் சம்பாத்தியத்தில் கட்டிய வீடு. கடைசி ஆறு வருஷம் அப்பாவையும் அம்மாவையும் வைத்துப் பார்த்தது நான்தான். 2023 செப்டம்பர் 14 அன்று அப்பா அந்த வீட்டை எனக்குத் தான செட்டில்மெண்ட் எழுதிக் கொடுத்தார். தெரிந்தவர் கைகாட்டிய ஒரு வக்கீல்தான் பத்திரம் தயார் செய்தார். அவர் ஃபீஸ் 18,000 ரூபாயை என் போனிலிருந்து ஜிபேயில் அனுப்பினேன். 2025 தை மாதம் அப்பா காலமாகிவிட்டார். இப்போது மாடி எடுக்க பேங்க்கில் லோன் கேட்டால், அவர்களுடைய வக்கீல் கடைசிப் பக்கத்தைப் பார்த்துவிட்டு, "சாட்சி ஒருத்தர்தான் கையெழுத்து போட்டிருக்கார், ரெண்டாவது இடம் காலியா இருக்கு, இந்தப் பத்திரம் நிக்காது" என்று திருப்பிவிட்டார். எங்கள் வக்கீலிடம் ஓடினேன். "தயாரித்தவன்னு நான் கையெழுத்து போட்டிருக்கேன், ரிஜிஸ்டர் ஆபீஸ்ல ரெண்டு பேர் அடையாளம் காட்டிப் போட்டிருக்காங்க, எல்லாம் சாட்சிதான்மா" என்றார். மறுநாள் அவரே போன் செய்து, "ஒரிஜினலைக் கொண்டு வாங்க, என் ஜூனியரை ரெண்டாவது சாட்சியா போடச் சொல்றேன்" என்கிறார். கோயம்புத்தூரில் இருக்கும் என் தம்பிக்கு இன்னும் எதுவும் தெரியாது. இந்த வக்கீல் மேல் நஷ்ட ஈடு கேட்டு வழக்குப் போடலாமா? நுகர்வோர் கோர்ட்டுக்குப் போவதா, பார் கவுன்சிலுக்குப் போவதா?
— பெயர் வெளியிட வேண்டாம் என்ற வாசகி, பெரம்பூர்

பதில்: ஒரிஜினலைக் கொடுக்காதீர்கள் சகோதரி. மற்றதெல்லாம் அப்புறம். நீங்கள் இதைப் படிக்கும்போதே பத்திரம் அவர் கைக்குப் போயிருந்தால், இன்றைக்கே போய் வாங்கி வந்துவிடுங்கள்.

பதிவான அன்றே உங்கள் பத்திரத்தை ஒவ்வொரு பக்கமாக ஸ்கேன் செய்து சார்பதிவாளர் அலுவலகத்தில் வைத்திருக்கிறார்கள். அந்தப் பிரதியில் சாட்சி இரண்டுக்கு நேரே கோடு காலியாகத்தான் இருக்கும். இப்போது உங்கள் ஒரிஜினலில் அந்த ஜூனியர் கையெழுத்து போட்டால், இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிற எவருக்கும் இது பிறகு சேர்த்தது என்று தெரிந்துவிடும். அப்பா கையெழுத்து போட்டதைப் பார்க்காத ஒருவர், அப்பா இறந்த பிறகு, பார்த்ததாகக் கையெழுத்து போடுகிறார் என்றால் அது மோசடி. இன்றைக்கு வக்கீல் செய்த கவனக்குறைவாக இருப்பது, நாளைக்கு நீங்களும் உடந்தையான குற்றமாகிவிடும். நாளைக்கே மனு கொடுத்து அந்தப் பத்திரத்துக்குச் சான்றிட்ட நகல் ஒன்று வாங்கி வையுங்கள். காலிக் கோடு காலியாகவே இருக்கிறது என்பதுதான் இனி உங்களுடைய முதல் ஆதாரம். ஒரிஜினலைக் கேட்டு அவர் பேசிய தேதியையும் நேரத்தையும் ஒரு நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப்பில் குரல் பதிவு ஏதாவது அனுப்பியிருந்தால் அழிக்காதீர்கள். அந்தப் போனை மாற்றவும் வேண்டாம்.

இனி பேங்க் வக்கீல் சொன்னதற்கு வருகிறேன். அவர் சொன்னது சரி. 1882-ஆம் வருஷத்துச் சொத்து மாற்றுச் சட்டம் 123-வது பிரிவின்படி, அசையாச் சொத்தைத் தானமாகக் கொடுக்கும் பத்திரம் பதிவாகியிருக்க வேண்டும், குறைந்தது இரண்டு சாட்சிகளும் கையெழுத்திட்டிருக்க வேண்டும். உங்கள் பத்திரத்தின் பெயர் செட்டில்மெண்ட் என்றாலும், பணம் வாங்காமல் கொடுத்ததால் தானத்துக்கு உள்ள விதிதான் இதற்கும். கிரயப் பத்திரத்துக்கு இந்தக் கட்டாயம் சட்டத்தில் கிடையாது. தானத்துக்கும், அடமானத்துக்கும், உயிலுக்கும் உண்டு. வருஷக்கணக்கில் கிரயப் பத்திரமே போட்டுக்கொண்டிருப்பவர்கள் சறுக்குகிற இடம் இதுதான்.

சாட்சி என்றால் யார் என்பதையும் அதே சட்டம் 3-வது பிரிவில் சொல்கிறது. எழுதிக் கொடுப்பவர் கையெழுத்து போடுவதைக் கண்ணால் பார்த்திருக்க வேண்டும், அல்லது "இது என் கையெழுத்துதான்" என்று அவர் வாயாலேயே கேட்டிருக்க வேண்டும். பிறகு எழுதிக் கொடுப்பவர் முன்னால் தானும் கையெழுத்து போட வேண்டும். அடையாளம் காட்ட வந்தவர் "இவர் இன்னார்தான்" என்பதற்காகப் போடுகிறார். சார்பதிவாளர் தன் கடமைக்காகப் போடுகிறார். சென்னையிலிருந்து போன ஒரு வழக்கில் 1969-லேயே உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. சாட்சியாக நிற்கிறோம் என்ற எண்ணத்தோடு போட்டால்தான் அது சாட்சிக் கையெழுத்து. உங்கள் வக்கீல் போட்டிருப்பது "தயாரித்தவர்" என்ற வரிக்குக் கீழே. அது சாட்சியாகப் போட்டதுதான் என்று அவர் கூண்டில் ஏறிச் சொல்லலாம். ஒரு வீட்டை அந்த ஒரு சொல்லின் மேல் நிறுத்தி வைக்க நான் சம்மதிக்க மாட்டேன். பட்டா, சொத்து வரி, மெட்ரோ வாட்டர், கரண்ட் எல்லாம் உங்கள் பெயருக்கு மாறியிருந்தாலும் இந்தக் குறை தீராது.

1994-ல் தம்புச் செட்டித் தெருவில் ஜூனியராகச் சேர்ந்தேன். இரண்டு வருஷம் கழித்து, ராயபுரத்தில் ஒரு வயதான அம்மா மகளுக்குத் தான செட்டில்மெண்ட் எழுதினார். கட்டிலில் உட்கார்ந்தபடி, மடியில் ஒரு பலகையை வைத்துக்கொண்டு, எழுத்துக் கூட்டி மூன்று பக்கத்துக்குக் கையெழுத்து போட்டார். ஒவ்வொரு கையெழுத்துக்கும் ஒரு நிமிஷத்துக்கு மேல் ஆனது. நான்காவது பக்கத்தில் பேனா இருக்கும்போது கீழே யாரோ ஹாரன் அடிக்க, இரண்டாவது சாட்சி ஸ்கூட்டரைத் தள்ளி நிறுத்தப் படியிறங்கிப் போய்விட்டார். அவர் மேலே வருவதற்குள் அந்த அம்மா எல்லாப் பக்கத்தையும் முடித்துவிட்டார். என் சீனியர் ஒன்றும் பேசாமல் பத்திரத்தை வாங்கி இரண்டாகக் கிழித்தார். புது ஸ்டாம்ப் பேப்பருக்குத் தன் பையிலிருந்து பணம் கொடுத்து என்னை வெண்டரிடம் அனுப்பினார். சட்டப்படி, அந்த அம்மா சாட்சியிடம் "என் கையெழுத்துதான்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தாலே போதும். அதைச் சொன்னேன். "இருபது வருஷம் கழிச்சு அவங்க பொண்ணு கோர்ட்டுல நிக்கும்போது அந்த ஒரு வார்த்தையை யாரு ஞாபகம் வச்சிருப்பா?" என்றார். உங்கள் கடிதத்தைப் படித்ததும் அந்தக் கட்டில்தான் கண் முன்னால் வந்தது. உங்கள் அப்பாவுக்கு இது நடந்திருக்கக் கூடாது.

கோபம் வருவது நியாயம். இருந்தாலும் வீட்டைக் காப்பாற்றும் வேலையை முதலில் செய்யுங்கள், வக்கீலைக் கேட்பதைப் பிறகு செய்யுங்கள். ஆறுதலுக்காக இதைச் சொல்லவில்லை, சட்டமே இந்த வரிசையைத்தான் கேட்கிறது. ஒப்பந்தச் சட்டம் 73-வது பிரிவில், நஷ்டத்தைக் கணக்கிடும்போது அதைக் குறைக்க உங்களுக்கு என்ன வழி இருந்தது என்று பார்க்க வேண்டும் என்று விளக்கமே கொடுத்திருக்கிறார்கள். "தம்பியிடம் கேட்டீர்களா?" என்று எதிர்த்தரப்பு வக்கீல் முதல் கேள்வி கேட்பார். கேட்கவே இல்லை என்று நீங்கள் சொன்னால் வழக்கு பாதி நொண்டியாகிவிடும்.

செட்டில்மெண்ட் நிற்காது என்றால், உயில் இல்லாமல் இறந்த அப்பாவின் வீடு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அம்மா, நீங்கள், தம்பி மூன்று பேருக்கும் சம பங்காகப் போகும். அம்மாவும் தம்பியும் மனசு வைத்தால், தங்கள் பங்கை உங்களுக்கு விடுதலைப் பத்திரமாக எழுதிக் கொடுக்கலாம். குடும்பத்துக்குள் எழுதுவதற்கு முத்திரைத் தீர்வை மதிப்பில் ஒரு சதவீதம், உச்ச வரம்பு 40,000 ரூபாய். பதிவுக் கட்டணமும் ஒரு சதவீதம், உச்ச வரம்பு 10,000. 2023 ஜூலையில் உயர்த்திய தொகை இது. முதலில் தாசில்தார் அலுவலகத்தில் வாரிசுச் சான்று வாங்கிவிடுங்கள். புதுப் பத்திரத்திலும் இரண்டு சாட்சிகளைப் பக்கத்திலேயே உட்கார வைத்துக் கையெழுத்து வாங்குங்கள்.

தம்பியிடம் போனில் சொல்லாதீர்கள். பேங்க் வக்கீல் மூலமாகவோ, வில்லங்கச் சான்று பார்க்கிற யாரோ மூலமாகவோ அவருக்குத் தெரிவதற்கு முன்னால், அம்மாவை அழைத்துக்கொண்டு கோயம்புத்தூருக்கு நேரில் போங்கள். பத்திர நகலை மேசை மேல் வைத்து, காலிக் கோட்டைக் காட்டி, "அப்பா ஆசைப்பட்டது இது, வக்கீல் விட்டது இது" என்று உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். மறைத்துப் பிறகு மாட்டிக்கொண்ட அக்காவுக்குக் கையெழுத்து போட்ட தம்பியை என் முப்பது வருஷத்தில் மிகக் குறைவாகத்தான் பார்த்திருக்கிறேன். அவர் ஏதாவது தொகை கேட்டால், அதுவும் பேசக்கூடிய விஷயம்தான். அதை வங்கி வழியாகக் கொடுங்கள், பத்திரத்திலும் எழுதுங்கள். வக்கீலின் தவறால் உங்களுக்கு ஆன நஷ்டத்துக்கு அதுவே எழுத்துப்பூர்வமான அளவுகோல் ஆகிவிடும். பேச்சு முறிந்தால் உயர் நீதிமன்ற வளாகத்திலேயே சமரச மையம் இருக்கிறது. 2005-லிருந்து இயங்குகிறது.

இப்போது வக்கீல் விஷயம். நுகர்வோர் ஆணையத்துக்கு இந்த வழக்கைக் கொண்டு போக முடியாது. 2024 மே 14 அன்று டி.கே. காந்தி வழக்கில் உச்ச நீதிமன்றம், வக்கீல்களின் தொழில் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வராது என்று தீர்ப்புச் சொல்லிவிட்டது. இதைக் கேட்ட பலர், வக்கீலை எதுவுமே செய்ய முடியாது என்று நினைத்துக்கொண்டு விட்டுவிடுகிறார்கள். அது தப்பு. 1926-ஆம் வருஷத்து வக்கீல்கள் கட்டணச் சட்டம் என்று ஒன்று உண்டு. அதன் 5-வது பிரிவு, தொழிலில் செய்த கவனக்குறைவால் நஷ்டம் வந்தால், வக்கீல் என்ற ஒரே காரணத்துக்காக யாரும் வழக்கிலிருந்து தப்ப முடியாது என்கிறது. சிவில் கோர்ட் கதவு உங்களுக்குத் திறந்தே இருக்கிறது.

அந்தக் கதவுக்கு ஒரு தேதி உண்டு. காலவரையறைச் சட்டப்படி மூன்று வருஷம். எந்த நாளிலிருந்து மூன்று வருஷம் என்பதில்தான் சண்டை வரும். பேங்க் சொன்ன அன்றுதான் எனக்குத் தெரிந்தது, அன்றிலிருந்து எண்ணுங்கள் என்று நீங்கள் வாதாடலாம். தவறு பத்திரம் எழுதிய அன்றே நடந்துவிட்டது என்று அவர் வாதாடுவார். அந்த வாதத்தில் உங்கள் வழக்கை நான் பணயம் வைக்க மாட்டேன். 2023 செப்டம்பர் 14-லிருந்து எண்ணி, 2026 செப்டம்பர் முதல் வாரத்துக்குள் பிராது கோர்ட்டில் இருக்க வேண்டும் என்று காலண்டரில் சிவப்பு மையில் எழுதுங்கள். தம்பியோடு பேச்சு நடக்கிறது, வக்கீல் "பார்க்கலாம்மா" என்கிறார் என்பதற்காக அந்தத் தேதி ஒரு நாள்கூடத் தள்ளிப் போகாது.

கோர்ட்டில் மூன்று விஷயத்தை நீங்கள் நிரூபிக்க வேண்டும். அவர் உங்கள் வக்கீல் என்பதற்கு 18,000 ரூபாய் போன ஜிபே விவரமும், பத்திரத்தின் கடைசிப் பக்கத்தில் பதிவெண்ணோடு இருக்கும் அவர் கையெழுத்துமே போதும். ஃபீஸ் உங்கள் போனிலிருந்து போனது உங்கள் அதிர்ஷ்டம். அப்பா கையால் பணமாகக் கொடுத்திருந்தால் "என் கட்சிக்காரர் அவர்தான், நீங்கள் யார்?" என்று கேட்டிருப்பார். அவர் தவறியதற்குக் காலிக் கோடு சாட்சி. பேங்க் கடனை மறுத்ததைக் காரணத்தோடு எழுத்தில் கேட்டு வாங்குங்கள், வாய்வார்த்தை போதாது. மூன்றாவது நஷ்டம், அதுதான் கடினம். வீடு விடுதலைப் பத்திரத்தில் மீண்டுவிட்டால் உங்கள் நஷ்டம் புது முத்திரைச் செலவு, பதிவுச் செலவு, புது வக்கீல் ஃபீஸ், தம்பிக்குக் கொடுத்த தொகை, பழைய 18,000. வீடு மீளாவிட்டால் மூன்றில் இரண்டு பங்கின் மதிப்பையே கேட்கலாம். வீடு 60 லட்சம் என்று வையுங்கள், கேட்பது 40 லட்சம். தமிழ்நாட்டில் கோர்ட் ஃபீ மூன்று சதவீதம், அதாவது 1,20,000 ரூபாயை முன்கூட்டியே கட்ட வேண்டும். வக்கீல்களுக்குப் பொறுப்புக் காப்பீடு நம் ஊரில் கட்டாயமில்லை என்பதால், தீர்ப்பு கிடைத்தாலும் அவருடைய சொந்தச் சொத்திலிருந்துதான் வசூலிக்க வேண்டியிருக்கும். வீட்டை முதலில் மீட்கச் சொல்வதற்கு இதுவும் காரணம்.

முதல் படி ஒரு நோட்டீஸ். தேதி, தொகை, காலிக் கோடு, பேங்க் மறுப்பு என்று நடந்ததை மட்டும் எழுதி, நஷ்டத்தைக் கேட்டு ஒப்புகையோடு ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்புங்கள். திட்டு ஒன்றும் வேண்டாம். நோட்டீஸ் போனதும் புதுப் பத்திரச் செலவை ஏற்றுக்கொண்டு முடித்துக்கொள்கிற வக்கீல்களும் உண்டு. ஒரு வக்கீல் மேல் வழக்குப் போட இன்னொரு வக்கீல் வர மாட்டார் என்ற பயம் உங்களுக்கு இருக்கும். இருக்கிறார்கள், தேடினால் கிடைப்பார்கள். கிடைக்காவிட்டால் உயர் நீதிமன்ற வளாகத்தில் உள்ள மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். 1987-ஆம் வருஷத்துச் சட்டப்படி, வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் பெண்களுக்கு இலவசமாக வக்கீல் வைத்துக் கொடுக்க வேண்டும். வழக்குக்கு முன்பே லோக் அதாலத்தில் பேசித் தீர்க்கவும் அங்கே மனு கொடுக்கலாம்.

பார் கவுன்சில் நஷ்ட ஈடு வாங்கித் தராது. 1961-ஆம் வருஷத்து வக்கீல்கள் சட்டம் 35-வது பிரிவில் கண்டிக்கலாம், தொழிலிலிருந்து சிறிது காலம் நிறுத்தலாம், பெயரையே நீக்கலாம். வெறும் கவனக்குறைவு மட்டும் தொழில் ஒழுக்கக்கேடு ஆகாது என்று உச்ச நீதிமன்றம் 1963-லேயே சொல்லியிருக்கிறது. சாட்சி ஒன்றை மறந்ததற்காக மட்டும் நீங்கள் போயிருந்தால், போக வேண்டாம் என்றிருப்பேன். ஆனால் இறந்தவர் பத்திரத்தில் ஜூனியரைக் கையெழுத்து போட வைக்கிறேன் என்று சொன்னது மறதி இல்லை. அதற்கு ஆதாரம் உங்களிடம் இருந்தால் தமிழ்நாடு மற்றும் புதுச்சேரி பார் கவுன்சிலுக்கு எழுதத் தயங்காதீர்கள். நாளைக்கு இன்னொரு அப்பாவின் பத்திரம் அவர் மேசைக்கு வரும்.

கேள்வி: 2024 மார்ச்சில் வேளச்சேரியில் மனை வாங்கினேன். பத்திரம் எழுதியவர் வக்கீல் இல்லை, உரிமம் பெற்ற பத்திர எழுத்தர். 1,200 சதுர அடியை 1,020 என்று அடித்துவிட்டார். விற்றவர் நல்லவர்தான், கூப்பிட்டால் வருவார். எழுத்தர் மேல் வழக்குப் போடலாமா?
— வாசகர், வேளச்சேரி

பதில்: விற்றவர் வருகிற வரைக்கும் உங்கள் பிரச்சினை சின்னது. இந்த வாரமே அவரை அழைத்துப் பிழைத்திருத்தல் பத்திரம் போட்டுவிடுங்கள். நாளைக்கு அவர் இறந்துவிட்டால் அவருடைய வாரிசுகள் அத்தனை பேரையும் தேட வேண்டும். அவர் மறுத்தால் குறித்த பரிகாரச் சட்டம் 26-வது பிரிவில் பத்திரத்தைத் திருத்தக் கேட்டு வழக்குப் போடலாம். மேலே சொன்ன சகோதரியின் பத்திரத்தை இப்படித் திருத்த முடியாது, ஏனென்றால் அங்கே தப்பாக எழுதிய சொல் எதுவும் இல்லை, இருக்க வேண்டிய கையெழுத்துதான் இல்லை. டி.கே. காந்தி தீர்ப்பு வக்கீல்களைப் பற்றியது, பத்திர எழுத்தருக்கு அது கவசம் ஆகாது. ஆனால் நுகர்வோர் ஆணையத்துக்குக் காலம் இரண்டே வருஷம், உங்கள் தேதியைப் பாருங்கள். நீங்கள் கொடுத்த கூலி ஐந்து லட்சத்துக்குள் என்றால் மனுக் கட்டணம் கிடையாது. திருத்தல் செலவை எழுத்தரே ஏற்றால், அதோடு விட்டுவிடுங்கள்.

கேள்வி: சொத்து வழக்குக்குக் கொடுத்த மூலப்பத்திரத்தை, ஃபீஸ் பாக்கி இருக்கிறது என்று வக்கீல் திருப்பித் தர மறுக்கிறார். வேறு வக்கீல் வைக்கவும் முடியவில்லை.
— வாசகி, குரோம்பேட்டை

பதில்: மறுக்க அவருக்கு உரிமை இல்லை. ஃபீஸ் பாக்கிக்காகக் கட்சிக்காரரின் காகிதங்களைப் பிடித்து வைப்பது தொழில் ஒழுக்கக்கேடு என்று 2000-ல் ஆர்.டி. சக்சேனா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. பாக்கி உண்மையாக இருந்தால் அவர் தனியாக வழக்குப் போட்டு வசூலிக்கட்டும். ஏழு நாள் அவகாசம் கொடுத்து எழுத்தில் கேளுங்கள். தராவிட்டால் அந்தக் கடிதத்தின் நகலோடு பார் கவுன்சிலுக்குப் போங்கள். பத்திரம் கைக்கு வந்ததும் வீட்டுக்குக் கொண்டுபோவதற்கு முன், அவர் ஆபீஸிலேயே உட்கார்ந்து கடைசிப் பக்கம் வரைக்கும் ஒவ்வொரு தாளாக எண்ணிப் பாருங்கள்.